கட்டாமல் விட்ட கண்

எல்லா உயிரும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், தூக்கத்தை நம்பி யாரும் நிம்மதியாகப் படுத்ததில்லை. படுத்த இடம் ஒன்றாக இருக்கும், எழுந்த இடம் வேறாக இருக்கும். காலில் சேறு ஒட்டியிருக்கும். முதுகில் யாரோ அடித்த மாதிரி வலிக்கும். பக்கத்தில் படுத்திருந்தவனைத் திரும்பிப் பார்த்தால், அவனும் நம்மை அதே மாதிரி முறைத்துக்கொண்டிருப்பான்.

காரணம் ரொம்பச் சாதாரணம். அப்போது கனவுக்கும் உடம்புக்கும் நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. கனவில் ஓடினால் கால் ஓடும். கனவில் கடித்தால் பல் கடிக்கும். ஆனால் இது ஒருத்தருக்கும் தெரியாது. கனவு என்பது வேறு ஏதோ ஊருக்குப் போய்வருவது, அதுவரை உடம்பு போட்டது போட்டபடி கிடக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தப்பாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கண்மாய். கோடையில் தண்ணீர் வற்றி ஒரு மூலைக்குப் போய்விட்டது. மீதி இடமெல்லாம் வெடித்த மண்ணும் புழுதியும். கரையில் ஒரே ஒரு மருதமரம். அந்த நிழலை நம்பித்தான் எருமை, கீரி, சாரைப்பாம்பு, ஆள்காட்டிக் குருவி, ஒரு மனிதன் எல்லோரும் இருந்தார்கள். மனிதனுக்கென்று தனி மரியாதை அப்போது ஒன்றும் இல்லை. அவனும் கூட்டத்தில் ஒருத்தன், அவ்வளவுதான்.

தினமும் சண்டை.

"நேத்து மத்தியானம் நீதான என் வளையைப் பறிச்ச? என் கண்ணால பார்த்தேன்," என்று கீரி மனிதனைப் பிடிக்கும்.

"நான் தூங்கிக்கிட்டிருந்தேன்."

"நடந்து வந்து மண்ணைப் பறிச்சவன் தூங்கினானாம்! கேட்டுக்கங்கப்பா."

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதுதான் கொடுமை.

எருமைதான் அங்கே மூத்தது. பஞ்சாயத்துப் பேசிப் பேசி அதற்கு அலுத்துவிட்டது. ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு முறை வைத்தது. அதற்கு ஊர்த் தூக்கம் என்று பேர். உச்சி வெயில் ஏறியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கண்ணை மூட வேண்டும். ஒரே நேரத்தில் எழ வேண்டும். நடுவில் யார் முழித்திருக்கிறானோ அவன்தான் திருடன். தூங்கினவன் மேல் குற்றமே கிடையாது.

கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் தூங்கிவிட்டால் யார் முழித்திருக்கிறான் என்று எவன் பார்ப்பது? இதை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் "நீ எதுக்குக் கேக்குற?" என்று சந்தேகப்படுவார்களோ என்று ஒவ்வொருத்தருக்கும் பயம்.

தூக்கம் அந்தக் காலத்தில் நேரிலேயே வரும். முகம் தெரியாது. இலவம்பஞ்சு மாதிரி இரண்டு கை மட்டும் மரத்தடியில் நடந்து வரும். ஒவ்வொருத்தர் இமையாக இழுத்து மூடிவிட்டு அடுத்த கண்மாய்க்குப் போய்விடும். சாயங்காலம் திரும்ப வந்து திறந்துவிடும். நடுவில் என்ன நடந்தது என்று அது கேட்காது.

இந்தக் கூட்டத்திலேயே அதிகமாகச் சந்தேகப்படுவது ஆள்காட்டிதான். அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. மரத்தில் கூடு கட்டத் தெரியாத பறவை அது. வெட்டவெளியில் நாலு கூழாங்கல்லைச் சுற்றி வைத்து, நடுவில் முட்டையிட்டிருந்தது. மண் நிறத்தில் நாலு முட்டை. நாலும் கூர்முனை உள்ளே பார்க்க, அகலமுனை வெளியே பார்க்க, பூ மாதிரி அடுக்கியிருக்கும். ஒன்று கொஞ்சம் திரும்பியிருந்தாலும் மூக்கால் தள்ளிச் சரிசெய்யும். வேறு எந்தப் பறவைக்கும் அந்தப் பொறுமை கிடையாது. அதன் சோடியைப் பருந்து கொண்டுபோய்விட்டது. அதனால் இந்த வருஷத்துக்கு இந்த நாலுதான். இனி கிடையாது.

வெயிலில் முட்டை வெந்துவிடக் கூடாதே என்று அது தண்ணீருக்கு ஓடும். வயிற்று இறகை நனைத்துக்கொண்டு திரும்ப ஓடிவந்து முட்டைமேல் உட்காரும். காய்ந்ததும் மறுபடியும் ஓடும். தூக்கம் வந்து இமையை இழுக்கும்வரை இதே வேலை. தூக்கம் வந்த பிறகு முட்டையை யார் நனைப்பது என்ற கவலையோடேயே தூங்கிப்போகும்.

ஒரு சாயங்காலம் எழுந்து பார்த்தால் மூன்று முட்டைதான் இருந்தது. மறுநாள் இரண்டு.

ஆள்காட்டி கத்திய கத்தலில் கண்மாயே நடுங்கியது. யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் தூங்கினார்களாம்.

மூன்றாம் நாள் அது சத்தம் போடவில்லை. கூட்டைச் சுற்றிப் புழுதியைச் சிறகால் தடவித் தடவி, ஒரு எறும்பு போனாலும் தெரிகிற மாதிரி சமமாக்கியது. கூட்டிலிருந்து தண்ணீர்வரைக்கும் அப்படிச் செய்தது. யாருக்கும் சொல்லவில்லை. போய் உட்கார்ந்தது. தூக்கம் வந்தது, இமையை மூடியது.

சாயங்காலம் ஒரே ஒரு முட்டைதான் இருந்தது. ஆள்காட்டி அங்கும் இங்கும் ஓடியது. தண்ணீர்வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்தது. பிறகுதான் புழுதியைக் குனிந்து பார்த்தது. கூட்டுக்குப் பக்கத்தில் வளைந்து வளைந்து ஒரு தடம் போயிருந்தது. தடத்தைப் பிடித்துக்கொண்டே போனால், அது நேராகச் சாரை படுத்திருந்த புற்றடியில் போய் நின்றது.

எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"என்ன சொல்ற இப்ப?" என்றது ஆள்காட்டி.

சாரை தடத்தைப் பார்த்தது. பிறகு தன் வயிற்றைப் பார்த்தது. புழுதி ஒட்டியிருந்தது.

"தடம் என்னுதுதான்க்கா. ஆனா நான் தூங்கினேன்."

கீரி சிரித்தது. "தடம் மட்டும் எந்திரிச்சு நடந்துச்சாக்கும்?"

"கனவுல ஒரு எலியை விரட்டினேன். அவ்வளவுதான் தெரியும்."

"எலியை விரட்டினியா, முட்டையை முழுங்கினியா?"

"முழுங்கினா வயிறு காட்டிக்குடுத்துரும். இந்தா, பாத்துக்க." சாரை நீளமாக நீட்டிப் படுத்துக் காட்டியது. எங்கேயும் புடைப்பு இல்லை.

"செரிச்சிருக்கும்."

"அதுக்குள்ளயா? உனக்கு வேணா செரிக்கும்."

மனிதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆள்காட்டி திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

சாரை புழுதியை இன்னொரு தடவை பார்த்தது. "அக்கா, கோவிச்சுக்காத. இங்க உன் காலடியும்தான் இருக்கு. தண்ணிவரைக்கும் போயிருக்கு."

"ஏன் போகாது? என் முட்டைகிட்ட என் காலடி இல்லாம, உன் மாமன் காலடியா இருக்கும்? தெனம் தண்ணிக்கு ஓடுறவ நான். பாம்புக்குக் கால் இல்லைன்னா அடுத்தவ காலைப் பத்திப் பேசலாமா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். சாரைகூட. முட்டையைச் சுற்றித் தாயின் காலடி இருக்கத்தானே செய்யும்? அதை ஒரு தடம் என்று எண்ண யாருக்கும் தோன்றவில்லை.

"இவனை எங்கிட்ட விடுங்க. நான் பாத்துக்கிறேன்," என்றது கீரி.

எருமை மெதுவாக அசைபோட்டது. "அவன் முழிச்சிருந்தான்னு எவனாவது பாத்தீங்களா?"

ஒருத்தரும் பார்க்கவில்லை.

"அப்ப அவன் தூங்கினான். தூங்கினவன் மேல குத்தம் கெடையாதுன்னு சொன்னது நான்தான். நானே மாத்திப் பேச முடியாது." திரும்பிக் கடைசி முட்டையைப் பார்த்தது. "நாளைக்குப் பார்ப்போம். கடைசி முட்டையும் போச்சுன்னா, கீரி, நீ என்ன செய்வியோ செஞ்சுக்க. நான் கேக்க மாட்டேன்."

"ஆக என் உசுரு அந்த முட்டைக்குள்ள இருக்கு," என்றது சாரை.

"அப்படித்தான்னு வச்சுக்க."

"சரி. நாளைக்கு நான் தூங்கல. முழிச்சிருந்து காவல் காக்குறேன்."

"முழிச்சிருந்தா நீதான் திருடன். முறை அப்படித்தான்டா இருக்கு."

"தூங்கினாலும் நான்தான் திருடன். முழிச்சிருந்தாலும் நான்தான் திருடன். அதுக்கு முழிச்சே சாகுறேன் பெரியப்பா."

ஆள்காட்டி சாரையையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையில் இரக்கம் துளிகூட இல்லை. முட்டைமேல் உட்கார்ந்தபடியே, சாரை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் அதுவும் கழுத்தைத் திருப்பியது.

பாம்புக்கு அப்போது இமை உண்டு. மற்றவர்களைப் போல அதுவும் கண்ணை மூடித் திறந்துதான் வாழ்ந்தது. முழித்திருக்க வேண்டுமானால் வெறும் ஆசை போதாது. தூக்கத்தின் கை வந்து இமையில் பட்டால் அதோடு முடிந்தது, எருமையே சாய்ந்துவிடும். சாரை யோசித்தது. அதற்குச் சட்டை உரிக்கிற நாள் நெருங்கியிருந்தது. விடிந்ததும் கரையில் கிடந்த சொரசொரப்பான பாறை இடுக்கில் தலையை விட்டுத் தேய்த்தது. எப்போதும் சட்டை இமையோரத்தில் பிரிந்து வரும். இந்தத் தடவை நிறுத்தாமல் அழுத்தித் தேய்த்தது. சட்டையோடு இரண்டு இமையும் பிய்ந்து வந்தன. வலியில் வாலால் பாறையை அடித்தது. வாய் திறக்கவில்லை. சத்தம் கேட்டால் அதற்கும் ஏதாவது காரணம் கண்டுபிடிப்பார்கள்.

உச்சி வெயில் ஏறியது. சாரை சுருண்டு படுத்துத் தலையைச் சுருளுக்குள் வைத்துக்கொண்டது. பஞ்சுக் கைகள் வந்தன. எருமையை மூடின. கீரியை மூடின. மனிதனை, ஆள்காட்டியை மூடின. சாரையிடம் வந்து தடவின. மறுபடியும் தடவின. இழுக்க இமை கிடைக்கவில்லை.

"இது மூடித்தான் இருக்கு போல," என்று முனகிவிட்டுத் தூக்கம் போய்விட்டது. வேலை செய்கிற லட்சணம் அப்படி.

இப்படித்தான், ஊர்த் தூக்கத்தை முழித்திருந்து பார்த்த முதல் ஆள் சாரை ஆனது.

முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. எல்லோரும் கல் மாதிரிக் கிடந்தார்கள். மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. சாரைக்குப் பயமாகிவிட்டது. ஒருவேளை அவர்கள் சொன்னதுதான் சரியோ? நானேதான் ஏதாவது செய்தேனோ?

பிறகு மனிதன் எழுந்தான்.

கண் மூடியே இருந்தது. தரையில் குப்புற விழுந்து கையையும் காலையும் வீசி, காய்ந்த மண்ணில் நீச்சல் அடித்தான். கீரி துள்ளி எழுந்து மருதமரத்தின் அடியைக் கழுத்தைப் பிடித்துக் கடிப்பது மாதிரி கடித்தது. எருமை நடுவில் நின்று தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டி, "தள்ளி நில்லு... ஒவ்வொருத்தனா பேசு... டேய், தள்ளி நில்லுன்னேன்," என்று யாரும் இல்லாத இடத்தில் பஞ்சாயத்துப் பேசியது.

எல்லோரும் சேர்ந்து நடிக்கிறார்கள் என்றுதான் சாரை நினைத்தது. தன்னை மாட்டிவிட ஊரே பேசிவைத்துக்கொண்டிருக்கிறது. மெல்ல மனிதனிடம் போய், அவன் மூக்குக்கு நேராக நாக்கை நீட்டி ஆட்டியது. எந்த மனிதனும் அதற்கு அலறுவான். இவன் நீந்திக்கொண்டே இருந்தான்.

நடிப்பு இல்லை. இவர்கள் தூங்குகிறார்கள். தூங்கிக்கொண்டே இதையெல்லாம் செய்கிறார்கள்.

அப்படியானால் எலியை விரட்டிய அன்றைக்கு நானும்...

அதற்குள் ஆள்காட்டி எழுந்துவிட்டது. இமை மூடியபடி முட்டையைச் சுற்றி ஒரு நடை நடந்தது. குனிந்து அதன் காதுக்கு மட்டும் சொல்கிற மாதிரி, "சுடுதா கண்ணு? ரொம்பச் சுடுதா? வா, தண்ணி பக்கத்துலதான்," என்றது. மூக்கை முட்டைக்கு அடியில் கொடுத்து ஒரு தள்ளு தள்ளியது. முட்டை உருண்டது. பின்னாலேயே போய் இன்னொரு தள்ளு.

முட்டை தண்ணீரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

சாரைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கி என்ன பிரயோசனம்? ஓடிப்போய் முட்டையைப் பிடித்தால், எழுந்து பார்க்கிறவர்கள் கண்ணுக்கு முட்டையோடு ஒரு பாம்பு. கீரி கேள்வி கேட்காது. சும்மா இருந்தால் முட்டை தண்ணீருக்குள் போகும், அப்போதும் கீரிதான். சும்மா இருந்து, எழுப்பாமல், இருட்டும்வரை ஊர்ந்து வேறு கண்மாய்க்கு ஓடிவிடலாம். அதுதான் புத்தி. அந்த யோசனை வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல முடியாது.

"அக்கா!" என்று கத்தியது. ஆள்காட்டிக்குக் கேட்கவில்லை. இன்னொரு தள்ளு. முட்டை ஈரமண்ணைத் தொட்டுவிட்டது.

சாரை ஓடியது. தண்ணீருக்கும் முட்டைக்கும் நடுவில் உடம்பை வரப்பு மாதிரி வளைத்துப் போட்டுக்கொண்டது. முட்டை வந்து அதன் விலாவில் முட்டி நின்றது. ஆள்காட்டி தள்ளியது. முட்டை நகரவில்லை. முட்டையைத் தள்ளுவதை விட்டுவிட்டு, தடுத்துக் கிடந்த உடம்பை மூக்கால் கொத்த ஆரம்பித்தது. புதுத் தோல், இன்னும் இறுகவில்லை. ரத்தம் வந்தது.

"எந்திரிங்க! எல்லாரும் எந்திரிங்க! வந்து பாருங்க!"

முதலில் முழித்தது கீரி. வாயில் மரப்பட்டை. அது எப்படி வந்தது என்று யோசிக்கவில்லை. தண்ணீரோரம் முட்டையைச் சுற்றி வளைந்திருந்த பாம்புதான் அதன் கண்ணில் பட்டது. ஒரே பாய்ச்சலில் வந்து கழுத்துக்குக் கீழே பிடித்தது.

சாரை திருப்பிக் கடிக்கவில்லை. வளைந்த வளைவை விடவும் இல்லை.

அந்தச் சத்தத்தில் ஆள்காட்டியின் இமை திறந்தது.

எருமையும் மனிதனும் ஓடிவந்து நின்றார்கள். அவர்கள் பார்த்தது இவ்வளவுதான்: முட்டை, பாம்பு, பாம்பின் மேல் கீரி, பக்கத்தில் முட்டைக்காகப் போராடிய தாய். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஆள்காட்டி "ஆமாம்" என்று தலையை அசைத்தால் போதும். அசைக்கவே வேண்டாம், பேசாமல் நின்றாலே போதும்.

ஆள்காட்டிக்கும் முதலில் அந்த எண்ணம்தான். இவன்தான் என்னையும் இங்கே இழுத்து வந்திருக்கிறான். அது யாரையும் நம்பாத பறவை. தன்னை மட்டும் எதற்கு நம்ப வேண்டும்? புழுதியைத் திரும்பிப் பார்த்தது.

காலையில் அது மறுபடியும் சமமாக்கிவைத்த புழுதி. இன்னும் யாரும் மிதித்துக் கலைக்காத புழுதி. கூட்டிலிருந்து தண்ணீர்வரை முட்டை உருண்ட பள்ளம் ஒன்று போயிருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் மூன்று விரல் காலடி. பாம்பின் தடம் கூட்டுப் பக்கமே போகவில்லை. பக்கவாட்டில் வந்து கடைசியில் மட்டும் அந்தப் பள்ளத்தை வெட்டியிருந்தது.

நேற்றும் இப்படித்தான் இருந்திருக்கும். நேற்றுக் காணோம் காணோம் என்று ஓடி, அந்தப் பாதையைத் தானே மிதித்து அழித்திருந்தது.

"விடு அவனை," என்றது ஆள்காட்டி.

கீரி பல்லை எடுக்காமல் முறைத்தது.

"விடுங்கிறேன்ல! அவன் இல்லை. நான்தான்."

அது தண்ணீரில் இறங்கியது. முழங்கால் ஆழத்துக்கு மேல் இல்லை. குனிந்து பார்த்தது. பிறகு நகரவில்லை. மனிதன் போய் எட்டிப் பார்த்தான். கலங்கல் தெளிந்ததும் தெரிந்தது. அடியில் மூன்று முட்டை. கூர்முனை மூன்றும் உள்ளே பார்க்க, அகலமுனை வெளியே பார்க்க, பூ மாதிரி அடுக்கியிருந்தது. நாலாவதுக்கு ஒரு இடமும் விட்டிருந்தது.

அப்படி அடுக்க அந்தக் கண்மாயில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

எருமை தன் கால் சேற்றைப் பார்த்தது. கீரி பாம்பை விட்டு, பல்லில் ஒட்டியிருந்த பட்டையைத் துப்பிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றது.

"நான்... நான் என்னடா பண்ணேன்?" என்று மனிதன் சாரையிடம் கேட்டான்.

"நீந்தின."

"எங்க?"

"தரையில."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு ஊர்த் தூக்கம் ஒழிந்தது. பஞ்சுக் கை வந்தாலே எல்லோரும் எழுந்து ஓடினார்கள். அதுவரை அடுத்தவன்மேல்தான் சந்தேகம் இருந்தது. இப்போது அவனவன் கைகால்மேலேயே சந்தேகம். தூங்கினால் நான் யாரைக் கடிப்பேன்? எதைக் கொண்டுபோய் எங்கே தள்ளுவேன்? ஆள்காட்டி கடைசி முட்டைமேல் உட்கார்ந்து, கண் எரிய எரிய வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. தூங்காத உடம்பு எத்தனை நாள் தாங்கும்? எருமை நின்ற இடத்திலேயே முட்டி மடங்கி விழுந்தது. மனிதன் காரணமே இல்லாமல் அழுதான். ஆள்காட்டிக்கு நடை தள்ளாடியது. ஒரு தடவை தண்ணீரிலிருந்து திரும்பி வரும்போது முட்டையை மிதிக்கப் போய்விட்டது. நகம் ஓட்டில் உரசி நின்றது.

அன்று மத்தியானம் பஞ்சுக் கைகள் வந்தபோது ஆள்காட்டி ஓடவில்லை. "பிடிங்க அதை!" என்றது. மனிதன் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"விடுப்பா," என்றது தூக்கம். "இன்னும் எத்தனை கண்மாய்க்குப் போகணும்னு தெரியுமா?"

"நீ மூடிட்டுப் போன பெறகு என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா?" என்றது ஆள்காட்டி.

"என் வேலை இமையை மூடுறது. அப்புறம் கனவு வரும். வந்தா அது கனவோட பாடு, உங்க பாடு."

"என் மூணு புள்ளையும் தண்ணிக்குள்ள கெடக்கு."

தூக்கம் கையை இழுப்பதை நிறுத்தியது. "அது எனக்குத் தெரியாது," என்று மட்டும் சொன்னது. பிறகு, "என்ன செய்யணுங்கிற?"

"கட்டிப் போடு. கனவு வர்றப்ப எங்களைக் கட்டிப் போடு. கையி, காலு, கழுத்து, எதுவும் அசையக் கூடாது."

கீரி குதித்தது. "அதெப்படி? என்னைக் கட்டிப் போட்டுட்டு எவனாவது வந்து கடிச்சா?"

"கனவு ஓடுறவரைக்கும்தான் கட்டு. முடிஞ்சதும் அவிழ்த்துருவேன். மறுபடி கனவு வந்தா மறுபடி கட்டுவேன்," என்றது தூக்கம்.

"எனக்கு லேசா கட்டு. காலை உதறுற அளவுக்காவது விடு," என்றது கீரி.

எருமை கேட்டது. "மூக்கையும் கட்டிருவியா? மூச்சு விடணும்ல?"

"மூச்சையும் நெஞ்சுத் துடிப்பையும் விட்டுர்றேன். போதுமா?"

"கண்ணையும் விட்டுரு," என்றது ஆள்காட்டி.

"இமை மூடித்தான இருக்கும்? உள்ள இருந்துக்கிட்டு என்னத்தப் பாப்ப?"

"நீ ஒழுங்கா கட்டியிருக்கியான்னு பாப்பேன். கனவுல என் முட்டை எங்க உருளுதுன்னு பாப்பேன். காலால போக முடியாது, சரி. கண்ணால தேடவாவது விடு."

"என்னைய நம்ப மாட்டியா?"

"மாட்டேன்."

தூக்கம் பெருமூச்சு விட்டது. மனிதன் பிடியைத் தளர்த்தியதும் தன் விரல் பஞ்சிலிருந்து ஒரு நூலைப் பிரித்தது. அவ்வளவு மெல்லியது, காற்றுப் பட்டால் அறுந்துவிடும் போல இருந்தது. ஆனால் எருமையின் கழுத்தில் போட்டு இழுத்ததும் எருமை கரைந்த களிமண் மாதிரி தளர்ந்து விழுந்தது. மனிதனுக்கும் கட்டியது. கீரிக்குக் கொஞ்சம் லேசாக. கடைசியில் ஆள்காட்டிக்கு.

சாரையின் முறை வந்தபோது அது தள்ளிப் போய்விட்டது. கழுத்துக்குக் கீழே கீரியின் பல் பட்ட இடம் இன்னும் ஆறவில்லை.

"எனக்கு இமை இல்லை. உன் கை எம்மேல பட வேண்டாம். என் தூக்கத்தை நானே பாத்துக்குவேன்."

கட்டு இறுகுவதற்கு முன்னால் ஆள்காட்டி, "தம்பி, இங்கயே இரு. இனிமே உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க," என்றது.

"இப்ப சொல்ல மாட்டீங்க. அடுத்த தடவை எதாவது காணாமப் போனா, தடத்தைப் பாப்பீங்க. அதுவும் என் தடத்தைத்தான் மொதல்ல பாப்பீங்க." சாரை திரும்பிக்கூடப் பார்க்காமல் கரையேறிப் போய்விட்டது.

சாரை சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

கடைசி முட்டை பொரிந்தது. ஈரம் காயாத குஞ்சு, நிற்கக்கூடத் தெரியாது, வந்ததும் வராததுமாகத் தாயின் வயிற்றுக்கடியில் தூங்கிப்போனது. ஆள்காட்டி சிறகைத் தூக்கிப் பார்த்தது. கால் தொங்கிப்போய்க் கிடந்தது, கழுத்து துவண்டிருந்தது. கட்டு நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. ஆனால் மூடிய இமைக்குள் கண் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் உலகத்தையே பார்க்காத கண். எதைத் தேடுகிறது? யாரைச் சந்தேகப்படுகிறது? ஆள்காட்டி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு சிறகை இறக்கி மூடிக்கொண்டது.

கனவு காண்கிறபோது நம் உடம்பு பிணம் மாதிரிக் கிடப்பது அந்தக் கட்டினால்தான். நாயும் பூனையும் தூக்கத்தில் காலை உதறுவது, கீரி கேட்டு வாங்கிய தளர்வு அதுகளுக்கும் கிடைத்ததால். சில நாள் தூக்கம் அவசரத்தில் இமையைத் திறந்துவிட்டுக் கட்டை அவிழ்க்க மறந்துவிடும். முழிப்பு வந்திருக்கும், விரல்கூட அசையாது. அமுக்குவான் பேய் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது என்று சொல்வார்கள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கட்டை அவிழ்க்கவில்லை, அவ்வளவுதான். பாம்பு இமைக்காமல் நம்மையே பார்ப்பதை முறைப்பு என்று நினைத்து நாம்தான் கல்லை எடுக்கிறோம்.

தூங்குகிற யாரையாவது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உடம்பு அசையாது, இமைக்குள் கண் மட்டும் ஓடும். அந்தக் கண்மாயில் மூன்று முட்டையைத் தண்ணீருக்குள் பார்த்த நாளிலிருந்துதான், எந்தக் கட்டையும் நம்பாமல், நாலாவது பத்திரமாக இருக்கிறதா என்று அது தேடிக்கொண்டே இருக்கிறது.